ஊன்றுகோலும் ஒரு கண்ணும்



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் விழாவில் ‘இழந்த உறுப்பு மீளுதல்’ என்னும் பொருள் எடுத்துக்கொள்ளப்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் கொங்கு மண்ணுக்கும் இப்பொருளுக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. கோவையிலிருந்து திருப்பூர்ப் பக்கம் சென்றால் வரும் அவிநாசி, தேவாரத்தில் திருப்புக்கொளியூர் எனப் பெயர் பெற்ற ஊர். கொங்கேழ் தலங்களுள் ஒன்று. முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டது அவ்வூரில்தான் என்பதைப் பெரியபுராணத்தின் வெள்ளானைச் சருக்கம் கூறுகிறது.

கதை எல்லோரும் அறிந்ததே. ஒத்த வயதுடைய இரு சிறுவர் நீராடச் சென்றனர். ஒருவனை முதலை விழுங்கியது. ஆண்டுகள் சில கழிந்தன. சுந்தரர் அவ்வூர் வீதியில் வருங்கால் ஒரு வீட்டில் மங்கல ஒலி, எதிர்வீட்டில் அழுகை. பிழைத்த பிள்ளைக்குப் பூணூல் சடங்கு நிகழ, இழந்த பிள்ளையின் பெற்றோர் துயருற்றிருந்தனர். அடியார் வருகையறிந்த அப்பெற்றோர் துயரை மறைத்துக்கொண்டு வந்து வணங்கினர் என்று சேக்கிழார் பாடுகிறார். பின்னர்ப் பதிகம் எழுந்தது. முதலை சிறுவனைக் கொணர்ந்து கரையில் விட்டது.

இங்கு நோக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. கரையேறியவன் விழுங்கப்பட்ட நாளில் இருந்த ஐந்து வயதுக் குழந்தை அல்லன். இடையே கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியும் உடன் பெற்றே அவன் மீள்கிறான். உயிரை மட்டும் தந்து காலத்தைத் தராவிடில் அது குறைமீட்பு என்று 12ஆம் நூற்றாண்டுக் காப்பியப் புலவர் எண்ணியிருக்கிறார். அற்புதம் நிகழ்ந்தது என்று சொல்லி அமையாமல், எதை மீட்டது, எவ்வளவு மீட்டது என்று கணக்கிட்டு நிற்கும் மனம் அது. அந்தக் கணக்கே இவ்வுரையின் பொருள்.

இதே கணக்கை மேலைநாட்டு ஆட்டம் ஒன்று விதிகளாகவே எழுதிப் பார்த்திருக்கிறது. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்வர். ஒருவர் கதை நடத்துபவர். ஏனையோர் வீரன், மந்திரவாதி, கள்வன், குருவானவர் என ஒவ்வொரு வேடம் ஏற்பர். பல முகங்கள் கொண்ட பகடைகள் உருளும். கதை வாய்மொழியாக வளரும். உடுக்கடித்துக் கதை சொல்லும் மரபில் வளர்ந்த கொங்கு நாட்டாருக்கு இது முற்றிலும் அயலான வினோதம் அன்று. கேட்போரும் கதைக்குள் வேடமேற்கிறார்கள் என்பதே வேறுபாடு.

அவ்வாட்டத்தில் காயம் எண்ணால் அளக்கப்படும். ஒவ்வொரு வேடத்துக்கும் இத்தனை உயிர்ப்புள்ளிகள் என்று உண்டு. வாள் பட்டால் புள்ளி குறையும். குரு மந்திரம் சொன்னால் புள்ளி ஏறும். ஆனால் வெட்டுண்ட கை இந்த எளிய மந்திரத்தால் முளைக்காது. அதற்கென்று தனி மந்திரம் உண்டு. 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் அது குருமார் மந்திரங்களுள் உச்சமான ஏழாம் படியில் வைக்கப்பட்டது. துண்டான உறுப்பு கைவசம் இருந்து அதை உரிய இடத்தில் பொருத்தினால் விரைவில் கூடும். இல்லையேல் புதிதாக வளரச் சற்று நேரமாகும். இவ்வளவு நுணுக்கமாக அது விதிக்கப்பட்டிருந்தது.

நோய் தீர்த்தல் வேறு, உறுப்பு மீட்டல் வேறு என்னும் இப்பாகுபாடு தமிழுக்குப் புதிதன்று. கொங்கேழ் தலங்களுள் மற்றொன்றான திருச்செங்கோட்டில், உடன்வந்த அடியார்களைப் பற்றிய குளிர்சுரத்தைத் திருஞானசம்பந்தர் ஒரே பதிகத்தால் போக்கினார் என்பது வரலாறு. சுரம் வந்தது, பாடினார், நீங்கியது. கூட்டம் முழுவதும் ஒருங்கே நலம் பெற்றது. உறுப்பை இழந்த கதைகளில் இந்த வேகம் இல்லை. அங்கே வழி நீளுகிறது, விலை கேட்கப்படுகிறது.

ஆட்டம் வகுத்தோர்க்கு ஓர் இடர்ப்பாடு இருந்தது. உறுப்பு துண்டாகும் என்று விதி செய்தால், ஓரிரு போர்களிலேயே வேடங்கள் முடமாகி, ஆடுவோர் ஊக்கம் இழப்பர். அவ்வாறு செய்யாவிடில் வாளுக்கு அச்சமே இல்லை. கைகாக்ஸ் தம் 1979ஆம் ஆண்டு வழிகாட்டி நூலில், அடி எந்த உறுப்பில் பட்டது எனக் கணக்கிடும் முறையைத் தம் ஆட்டத்துக்கு வேண்டாம் என்று தள்ளினார். 1978இல் வெளிவந்த ‘ரூன்குவெஸ்ட்’ என்னும் மற்றோர் ஆட்டம் அதற்கு மாறாகக் கை, கால், தலை எனத் தனித்தனியே கணக்கு வைத்தது. ஒன்று இழப்பை ஒளித்தது. மற்றொன்று இழப்பைக் காட்டியது. ஆனால் உச்ச மந்திரம் கைக்கெட்டும் நிலைக்கு வேடங்கள் உயர்ந்த பின்னர், இரண்டிலும் எழக்கூடிய கேள்வி ஒன்றே: எளிதில் மீளும் கைக்காக எவர் அழுவார்? அழுகை இல்லாத இடத்தில் கதைதான் ஏது?

இதை உணர்ந்தே போலும், அவ்வாட்டத்தின் 1976ஆம் ஆண்டு இணைப்பு நூல் ஒன்று ‘வெக்னாவின் கை’, ‘வெக்னாவின் கண்’ என்னும் இரு பொருள்களைப் படைத்தது. மாண்ட மந்திரவாதி ஒருவனின் எஞ்சிய உறுப்புகள் அவை, பேராற்றல் உடையவை. அவற்றைப் பெற விரும்புவோன் தன் கையைத் தானே வெட்டிக்கொள்ள வேண்டும். தன் கண்ணைத் தானே தோண்டிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அந்த இடத்தில் அது பொருந்தும்.

கண்ணைத் தோண்டிய ஒருவரைத் தமிழர் நன்கறிவர். காளத்தி மலையில் இறைவன் கண்ணில் குருதி வழியக் கண்ட திண்ணனார், ஊனின் நோய்க்கு ஊனே மருந்து என்ற வேட்டுவர் வைத்தியத்தை நினைந்து, தம் கண்ணை அம்பால் அகழ்ந்து அப்பினார். மற்றக் கண்ணிலும் குருதி கண்டபோது, இடம் தெரிய வேண்டுமே என்று காலை ஊன்றி அடையாளம் வைத்துக்கொண்டு அடுத்த கண்ணுக்கும் அம்பை எடுத்தார். ஆட்டத்தின் வீரன் ஆற்றல் பெறுவதற்காகக் கண்ணைக் கொடுக்கிறான். திண்ணனார் பிறர் நோய் தீரக் கொடுக்கிறார். ஒரே செயல், நோக்கம் மாறியவுடன் ஒன்று அச்சமூட்டுகிறது, மற்றது உருக்குகிறது. கண்ணப்பர் கதையின் நிறைவும் கண் மீண்டதில் இல்லை. இறைவனின் வலப்பக்கம் நிற்கும் பேற்றில் இருக்கிறது. இழப்பு அங்கே அழிக்கப்படவில்லை. அதுவே அவருக்குப் பெயராயிற்று.

இனி, இப்பொருளின் நடுநாயகமான கதைக்கு வரலாம். அவிநாசியில் பிள்ளையை மீட்டவர் தாமே கண் இழந்தவர். திருவொற்றியூரில் மகிழமரத்தடியில் சங்கிலியாருக்குப் பிரியேன் என்று சூளுரைத்த சுந்தரர், அச்சூளை மறந்து ஊரெல்லை கடந்தவுடன் இரு கண்ணும் ஒளி இழந்தார். ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தில் வரும் இப்பகுதியைக் கண் மீண்ட கதை என்றே பலரும் நினைவில் கொண்டிருக்கின்றனர். உண்மையில் அது மூன்று படிகள் கொண்ட கதை. திருவெண்பாக்கத்தில் கிடைத்தது ஓர் ஊன்றுகோல். காஞ்சியில் இடக்கண். திருவாரூரில் வலக்கண்.

முதற்படியை எளிதாகக் கடந்துவிடலாகாது. திருவெண்பாக்கம் வந்து, கோயிலில் உள்ளீரோ என்று கேட்ட சுந்தரருக்கு, இருக்கிறோம், நீர் போம் என்னும் பொருள்படவே விடை வந்தது. கண்ணைக் கேட்டவருக்குக் கோல் தரப்பட்டது. நண்பர் என்னும் உரிமையில் இதனினும் கடுமையான மறுப்பு இருக்க முடியாது. ஆனால் அந்தக் கோலே அவரை நடத்திற்று. அது இல்லையேல் காஞ்சிக்கு வழி ஏது? அந்தத் திருவெண்பாக்கமே பின்னாளில் 1944இல் கட்டி முடிந்த பூண்டி நீர்த்தேக்கத்துள் மூழ்கியது. ஊர் போயிற்று, இறைவன் திருவுரு இடம் பெயர்ந்து பூண்டிக்கு வந்து, இன்றும் ஊன்றீசுவரர் என்னும் பெயரால் வணங்கப்படுகிறது. கண் தந்தவர் என்னும் பெயர் அங்கு இல்லை. ஊன்றுகோல் தந்தவர் என்பதே பெயர்.

கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இதுவே. ஒற்றியூரினின்று ஆரூர் வரையான அந்த வழியில் சுந்தரர் பாடியவை ஏழாம் திருமுறையின் தனித்த ஒரு பகுதியாக நிற்கின்றன. கண் இழந்தோன் கெஞ்சுகிறான், சினக்கிறான், உரிமையோடு ஏசுகிறான், ஒரு கண் கிடைத்தபோது வியக்கிறான், மற்றதற்காக வழக்காடுகிறான். இரு கண்ணும் ஒரே நொடியில் ஒற்றியூர் எல்லையிலேயே மீண்டிருந்தால் இப்பாடல்களுள் ஒன்றுகூடப் பிறந்திராது. இழப்புக்கும் மீட்புக்கும் இடைப்பட்ட நெடுவழியே கவிதையின் நிலம். ஆட்டத்தின் ஏழாம்படி மந்திரம் அந்த வழியைச் சுருக்கிவிடுகிறது. சேக்கிழார் அதைச் சுருக்க மறுக்கிறார்.

கொங்கு நாட்டின் வாய்மொழிக் காப்பியம் இம்மறுப்பை இன்னும் கடுமையாகச் சொல்கிறது. அண்ணன்மார் கதையில் பொன்னர், சங்கர் இருவரும் படுகளத்தில் மாய்ந்து கிடக்க, தங்கை அருக்காணித் தங்காள் தேடி வந்து அவர்களை எழுப்புகிறாள். எழுந்தவர் தங்கையோடு சிறிது உரையாடுகின்றனர். தம் காலம் முடிந்தது என்று கூறி மீண்டும் மாய்கின்றனர். உயிர்ப்பிக்கும் ஆற்றல் தங்காளிடம் இருந்தது. ஆயினும் கதை அவர்களை வீட்டுக்குத் திரும்ப விடவில்லை. இக்கதையை 1965இல் கொங்குச் சிற்றூர் ஒன்றில் கேட்டுப் பதிவு செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1982இல் அதைப் பற்றிய ஆய்வு நூலை வெளியிட்டார். விடிய விடிய உடுக்கொலியோடு கேட்கும் மக்களுக்கு, அந்தச் சிறு எழுச்சியே போதியதாக இருந்திருக்கிறது. பிரிந்தவரோடு ஒரு வார்த்தை பேசக் கிடைத்தது என்பதே அங்கு மீட்பு.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்குவதற்கு இடமில்லாதபடி, இதே மண்ணில் இதே வினா நாள்தோறும் எழுகிறது. 1888இல் கோவையின் முதல் நூற்பாலை தொடங்கிய நாள் தொட்டு, இப்பகுதி இயந்திரங்களின் நாடு. பஞ்சாலையின் பல்சக்கரம், வார்ப்படச் சாலை, லேத் பட்டறை, தகடு அழுத்தும் பிரஸ், தோட்டத்தில் சோளத்தட்டு நறுக்கும் இயந்திரம் ஆகிய ஒவ்வொன்றும் விரலையோ கையையோ கேட்கத் தக்கவை. அவ்வாறு துண்டானதை நுண்ணோக்கியின் கீழ் இணைக்கும் கலைக்கும் இந்நகரமே பெயர் பெற்றிருப்பது தற்செயல் அன்று. 1978இல் சிறிய அளவில் தொடங்கப்பட்ட கோவை கங்கா மருத்துவமனை, கை அறுவைக்கும் எலும்பு அறுவைக்கும் உலகறிந்த இடமாக வளர்ந்தது.

ஆட்டத்தின் மந்திரத்துக்கும் மருத்துவர் கைக்கும் ஓர் ஒற்றுமை உண்டு: துண்டான உறுப்பு கைவசம் இருத்தல் வேண்டும். அதைத் தூய ஈரத்துணியில் சுற்றி, நெகிழிப் பையில் இட்டு, அப்பையைப் பனிக்கட்டியின்மேல் வைத்துக் கொணர வேண்டும். பனிக்கட்டி சதையை நேரே தீண்டலாகாது. தசை மிகுந்த கையோ காலோ குளிரூட்டப்படாவிடில் ஏறத்தாழ ஆறு மணி நேரமே தாங்கும். தசையில்லாத விரல் அதனினும் நெடிது தாங்கும். ஒற்றுமை இத்துடன் முடிகிறது. குருதிக்குழாய் அன்றே இணையும், நரம்பு அவ்வாறன்று. அது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் என்ற அளவிலேயே வளர்ந்து செல்லும். மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை 18 செண்டிமீட்டர் என்று கொண்டால் ஆறு மாதம். அதற்குப் பின்னும் தொட்டுணர்வு பழையபடி முழுதும் வருவதில்லை. குளிர்காலத்தில் இணைத்த விரல் வலிக்கும். கிடைப்பது ஒரு கண்ணே. மற்றதற்கு நெடுவழி நடக்க வேண்டும்.

சில வேளை அந்த ஒன்றும் கிடையாது. நசுங்கிய காலைக் காப்பதா, எடுப்பதா என்று முடிவு செய்யக் கங்கா மருத்துவமனையின் மருத்துவர்கள் 2006இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டனர். தோல், எலும்பு, தசையும் நரம்பும் எனத் தனித்தனியே புள்ளியிட்டு, நோயாளியின் பிற நலக்குறைகளையும் கூட்டுவர். 14 வரை என்றால் காக்க முயலலாம். 17ஐ எட்டினால் எடுப்பதே நலம். 15, 16 என்பது ஐயநிலம். அங்கே எண் வழிகாட்டாது. மருத்துவரின் தேர்ச்சியும் நோயாளியின் வாழ்நிலையும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும். மேசையாட்டத்திலும் புள்ளி உண்டு, இங்கும் புள்ளி உண்டு. ஆனால் இங்கு பகடையை மறுமுறை உருட்ட இயலாது. காலை எடுப்பது தோல்வி அன்று, வாழ்வைத் தொடர ஒரு வழி என்று அறியும் அறிவும் இந்தப் புள்ளிகளுக்குள் அடங்கியிருக்கிறது.

எடுத்த பின் வருவது ஊன்றுகோலின் படி. தமிழில் அதற்கும் முன்மாதிரி உண்டு. இரவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிய தவற்றுக்காகத் தன் கையைத் தானே குறைத்துக்கொண்ட பாண்டியனுக்குப் பொன்னால் கை அமைந்தது. பொற்கைப் பாண்டியன் என்பதே அவன் பெயராயிற்று. சதைக்கை மீண்டதாகக் கதை கட்ட எவருக்கும் தோன்றவில்லை. நம் காலத்தில், செய்ப்பூரில் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் இரப்பரால் உருவாக்கிய செயற்கைப் பாதம், வெறுங்காலோடு வயலில் நடக்கவும் தரையில் குந்தி அமரவும் உதவியது. சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. அதே 1981இல் திருச்சிராப்பள்ளி அருகே நேர்ந்த விபத்தின் விளைவாக வலக்காலின் ஒரு பகுதியை இழந்த பரதக் கலைஞர் சுதா சந்திரன், அத்தகைய பாதம் பொருத்தி 1984இல் மீண்டும் அரங்கேறினார். அவர் கால் முளைக்கவில்லை, ஆடல் முளைத்தது.

இவற்றை ஓர் இலக்கிய வட்டத்தில் சொல்வதற்குக் காரணம் உண்டு. உறுப்புக்குறையைக் கவிதை கையாளும் முறை பெரும்பாலும் இரண்டே. ஒன்று, குருடு, ஊமை, முடம் என்று அதை உவமையாக்கிப் பிறிதொன்றை இழித்தல். நீதி வழங்காத அரசைக் குருடு என்பதும், பேசத் தயங்கும் சமூகத்தை ஊமை என்பதும் கவியரங்குகளில் கைதட்டல் பெறுவன. அரங்கின் பின்வரிசையில் வெண்கோலோடு அமர்ந்திருப்பவர் அக்கைதட்டலை எவ்வாறு கேட்பார்? மற்றொன்று, இறுதி வரியில் ஓர் அற்புதத்தால் எல்லாவற்றையும் சரியாக்குதல். கண் திறந்தது, கால் எழுந்தது என்று முடிந்தால் கேட்போர் மனம் நிறைகிறது. ஆனால் மீளாத கண்ணோடு வாழ்வோருக்கு அம்முடிவு தரும் செய்தி என்ன? உறுப்பு மீண்டால்தான் வாழ்வு முழுமை என்பதே. அது பொய். அந்தப் பொய்யைப் பக்திக் காப்பியமே சொல்லவில்லை என்பதை மேற்கண்ட கதைகள் காட்டும்.

மாரியம்மன் கோயில்களில் மக்கள் செலுத்தும் உருவாரங்களையும் கண்மலரையும் காண்போர் இதை உணரலாம். நோய் தீர்ந்த உறுப்புக்கு ஈடாக வெள்ளித் தகட்டில் ஒரு கண், ஒரு கை, ஒரு கால். வேண்டுதலின் மொழி உறுப்பு உறுப்பாகப் பிரிந்த, அளவறிந்த மொழி. எனக்கு எல்லாம் தா என்று அது கேட்பதில்லை. இந்தக் கண்ணை, இந்த முழங்காலை என்று பெயர் சொல்லிக் கேட்கிறது. கவிதையின் மொழிக்கும் இந்தத் துல்லியம் வேண்டும். இழந்தது எது, மீண்டது எவ்வளவு, மீளாதது எது என்று பிரித்துச் சொல்லும் நேர்மையே அது.

அற்புதத்தைக் கவிஞர் கைவிட வேண்டும் என்பது இதன் பொருள் அன்று. மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் இளைஞரும், படுகளத்தில் தங்காளின் குரலுக்குக் கண்ணீர் வடிக்கும் முதியோரும் ஒரே ஏக்கத்தில் பங்கு கொள்கின்றனர். போனது திரும்ப வரும் என்னும் ஆசை மனிதர்க்கு இயல்பு. அதற்குச் சொல் தருவது கவிதையின் கடமை. அச்சொல் எளிதாக வந்துவிடலாகாது என்பதே வேண்டுகோள். கண்ணைப் பாட முனைவோர் அதற்குமுன் ஊன்றுகோலைப் பாடட்டும். அது தரையில் படும் ஒலியைக் கேட்கட்டும். அதைப் பற்றிய கையின் காய்ப்பை அறியட்டும். அவ்வாறு பாடப்படும் கவிதையில், வலக்கண் மீளாமற் போனாலும், ஆரூர் வரை நடந்த நடை வீணாகாது.

வட்டத்தின் அடுத்த பத்தாண்டுகள் அத்தகைய பாடல்களால் நிறைக.